ஏணி மேல் போட்ட பழி

மிளகு பறிக்கிற ஏணி ஒரே மூங்கில்தான். இரண்டு கால் இருக்காது. கணுவுக்குக் கணு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கிளைகளை வெட்டியிருப்பார்கள். அந்த முளைகளில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் அதைச் சாய்த்து, ஒருவர் மேலே ஏறிப் பறிக்க, ஒருவர் கீழே பிடித்துக்கொள்வார். எங்கள் எஸ்டேட்டில் புருஷன் ஏறினால் பெண்டாட்டி பிடிப்பாள். மேலே நிற்கும்போது மூங்கிலைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டால்தான் இரண்டு கையும் காலியாக இருக்கும். அதனால் மிளகுக் காலத்தில் ஆண்களுக்குத் தொடை உரசிப் புண்ணாவது சாதாரணம். விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். யாரும் அதை ஒரு நோயாக நினைப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பழி முதலில் அந்த ஏணிக்குப் போனது. பிறகு வேறு பெயரில் எனக்கு வந்தது.

நான் அடிவாரத்தில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி மலைக்கு வந்தேன். அதிகம் பேச வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என்னிடம் ஏதாவது கேட்டால் பதில் தொண்டை வரை வந்து நின்றுவிடும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று என் மாமியார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். இரண்டு பேருக்கும் வாய் இல்லாத வீட்டில் மாமியாருக்கு இருந்தது. அவர்தான் எங்களுக்கும் சேர்த்துப் பேசினார்.

கல்யாணமான இரண்டாவது வருடம், காப்பிப் பழம் எடுத்து முடிகிற நேரத்தில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளில் குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே தாடை உப்பி, முகமே அடையாளம் மாறிவிடும். கஞ்சியைக்கூட விழுங்க முடியாது. கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. லைனில் அப்போது புதுப்பெண் நான். அம்மா வீட்டில் எனக்குப் போட்ட சங்கிலி கொஞ்சம் கனமானது. அது வீடு வீடாகப் போக ஆரம்பித்தது.

"கண்ணு, உஞ்சங்கிலியக் கொஞ்சம் குடு. எங்கூட்டுப் பையன் மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஆயிருச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்பார். ஒரு குழந்தைக்குச் சரியானதும் அடுத்த குழந்தைக்கு. என் வீட்டுக்காரருக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்கும். சாயங்காலம் அவரே போய், அந்தக் குழந்தையை மடியில் உட்கார வைத்து, கதை சொல்லிச் சங்கிலியைக் கழற்றி, அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிட்டு வருவார். கடைசியில் சங்கிலி வீட்டுக்குத் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அவருக்கே தாடை வீங்கியது.

"வளந்த ஆம்பளைக்கு வந்தா நொம்பப் படுத்தும்" என்றார் மாமியார். என் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். வாசலில் வேப்பிலை செருகினார். எங்களுக்கு இதுவும் அம்மைதான். வீட்டில் தாளிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கவில்லை. அம்மை இறங்கியிருக்கிற வீட்டில் ஊசி போடக் கூடாது.

அவருடைய கூட்டாளிகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

"ஏனப்பா, புதுப்பொண்ணு எந்திரிச்சாச்சா?"

"சங்கிலி நல்லாத்தான் இருக்குது. ரெண்டு தோடும் போட்டுட்டா செம்மநத்தத்துல ஒரு மாப்பள பாத்துக் கட்டிக் குடுத்தர்லாம்."

"தாடிய வழிச்சுட்டுக் கட்டிக் குடுப்பா. மாப்பளைக்குக் குத்துமில்ல."

அவருக்குச் சிரித்தால் தாடை வலிக்கும். கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்தச் சில நாட்கள்தான். அதனால் எனக்கு அந்த நோய் பெரிதாகத் தெரியவில்லை.

தாடை வடிந்தது. மறுநாள் கிளியூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமியார் அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இன்னும் ஒரு நாள் கெடக்கட்டுங்களே அத்தை" என்றேன்.

"வடிஞ்சிருச்சு பாரு. புது மருமகளக் கழுத்துல ஒண்ணுமில்லாமக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க."

நானும் மாமியாரும் கல்யாணத்துக்குப் போனோம். மிளகு பழுத்து உதிர்கிறது என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஆள் அனுப்பியதால் அவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்குப் பதிலாக வேறு யாரோ ஏணி பிடித்தார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் காய்ச்சல். விடிந்ததும் எழுந்து, கால்களை அகட்டி அகட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

"ஏணி கடிச்சிருச்சா? படுத்தெழுந்த ஒடம்போட எவன் உன்ன மரமேறச் சொன்னது" என்று மாமியார் விளக்கெண்ணெயைச் சூடு காட்டிக் கொண்டுவந்து வாசல் படியில் வைத்தார். எடுத்துத் தடவிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

புண் தொடையில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்காது. விரைகள் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு பக்கம் கைக்கு அடங்காத அளவு. தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் காட்டாதது போல இருந்தார், நான் பார்க்காதது போல இருந்தேன். தாடையில் வந்ததுதான் அங்கேயும் வந்திருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சங்கிலியைக் கழற்றியாகிவிட்டது, தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, அம்மை இறங்கிப் போய்விட்டது. இது புதிதாக வந்த வேறு ஒன்று. ஏணியில் ஏறினார், வந்தது. பழியைப் போட ஏணி வாசலிலேயே சாய்ந்து நின்றது.

ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் வீக்கமும் போயின. அவர் பழையபடி மரம் ஏறினார். நான் பழையபடி ஏணி பிடித்தேன்.

அதற்கப்புறம் வந்த வருடங்களை எழுத என்ன இருக்கிறது. குழந்தை பிறக்கவில்லை. மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவார். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவேன். அடிவாரத்தில் பஸ் நிற்கும். நான் பிறந்த ஊர், இறங்கினால் ஐந்து நிமிடத்தில் அம்மா வீடு. இறங்குவதில்லை. போன காரியம் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று வலி பொறுக்காமல் கத்திவிட்டேன். அதற்கே பல நாள் வெட்கமாக இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். எனக்கு முன்னால் மாமியார் பதில் சொல்வார்.

"அவனுக்கு என்னங்க, பனமரமாட்டம் இருக்கறான். இவளுக்குப் பாருங்க."

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரியை மாற்றுவார். இவங்க சரியில்லை என்பார்.

மாமியார் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொள்வார். வாந்தி எடுத்தால் வாயைத் துடைத்துவிடுவார். ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் இலையிலிருந்து ஒரு கேள்வி வரும். "இன்னும் ஒண்ணும் விசேஷமில்லீங்களா?" மாமியார் ஒரு பெருமூச்சு விட்டு என் பக்கம் தலையைத் திருப்புவார். பதில் அவ்வளவுதான். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அதனால் நான் வேகமாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். கேள்வி வருவதற்குள், ரசத்துக்கு முன்னாலேயே, இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரு மார்கழியில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குளிருக்கு அடுப்பின் முன்னால் இருந்தோம். அவர் என் காலை எடுத்து மடியில் வைத்துப் பித்தவெடிப்புக்கு எண்ணெய் தடவினார். எனக்கு ஏதோ வரப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

"செம்மநத்தத்துல எங்கண்ணன் மவ ஒருத்தி இருக்கறா. உனக்குத் தெரியுமே. புருஷன் வண்டில உழுந்து போயிட்டான். சின்னப் புள்ள. கொழந்த குட்டி இல்ல."

அடுத்த காலையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் ஊட்ட உட்டுப் போக வேண்டாங்கண்ணு. நீ பாட்டுக்கு இரு. அவளும் வந்து இருக்கட்டும். ஒரு கொழந்த பொறந்தா ரெண்டு பேரும் தூக்கிக்கங்க. கோயல் திருவிழா முடியட்டும், பேசலாம்னு இருக்கறேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. எண்ணெய் தடவுவதையும் நிறுத்தவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா அப்படித்தான் பேசும், உடு" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகப் பல நாள் காத்திருந்தேன்.

அடுத்த தடவை சேலத்துக்குப் போக வேண்டிய நாளில் மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. முதல் தடவையாகத் தனியாகப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. என் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"உங்களை இவ்வளவு பார்த்திருக்காங்க. உங்க வீட்டுக்காரரை ஒரு தடவைகூடப் பார்க்கலையே. அவருக்குப் பெரிசா ஏதாவது காய்ச்சல், அம்மை வந்திருக்கா?"

மாமியார் இருந்திருந்தால் பனைமரம் என்று சொல்லியிருப்பார். நான் யோசித்துச் சொன்னேன்.

"பொன்னுக்கு வீங்கி வந்துச்சுங்க. கல்யாணத்துக்கு அப்புறம்."

"அப்போ கீழே வீங்குச்சா? விரையில?"

மேசையைப் பார்த்தேன். அந்த வார்த்தையை இவ்வளவு சாதாரணமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"அது... ஏணில ஏறுனதுலங்க."

"எப்போ? தாடை வீக்கம் வந்து எத்தனை நாள் கழிச்சு?"

"தாடை வடிஞ்சதுமேங்க. சங்கிலியக் கழட்டி ரெண்டாம் நாளே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ், தாடையில் மட்டும் அது நிற்பதில்லை, வயதுக்கு வந்த ஆண்களுக்கு வந்தால் சிலருக்குத் தாடை வடிகிற நேரத்தில் மறுபடி காய்ச்சல் வந்து விரை வீங்கும், ஏணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், முக்கால்வாசிப் பேருக்குப் பின்னால் குழந்தை பிறப்பதில் தொந்தரவு இருக்காது. இரண்டு பக்கமும் வந்து, உள்ளே சுருங்கிப் போனால்தான் உயிரணு குறையும். சோதித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா செரியாயிருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்திருப்போம். இதைத் தடுத்திருக்க முடியும்னு உறுதியா சொல்ல மாட்டேன்."

"எஞ்சங்கிலியத்தான் எல்லாக் கொழந்தைக்கும் போட்டோம். அதுலயிருந்து அவருக்கு வந்திருக்குங்களா?"

"சளியில, எச்சில்ல பரவுறது அது. குழந்தைங்களை மடியில வெச்சுப் பேசினாலே போதும். சங்கிலியைப் பத்தி நினைக்காதீங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் வரும்போது அன்றுதான் வாந்தி வரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதையே கவனித்தேன்.

அவரிடம் சொல்வதற்கு எனக்கு மிளகுக் காலம் வர வேண்டியிருந்தது. வீட்டில் மாமியார் இருப்பார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராது. ஏணி பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவருடைய பாதம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். மேலேயிருந்து மிளகுச் சரம் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. பிறகு பச்சைச் சரமாக விழுந்தது. பழுக்காததை எல்லாம் பறிக்கிறார் என்று நினைத்தேன். பெருவிரல் முளையில் அழுந்தி வெளுத்திருந்தது.

கீழே பார்க்காமல் கேட்டார்.

"எந்தக் கெழம வரச் சொன்னாங்க?"

வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் நாலு மிளகுக் கொடிக்கு உரம் வாங்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் இறங்கினோம். உயிரணுச் சோதனைக்கு என்று போன இடத்தில் அவர் பட்ட பாட்டை நான் எழுதக் கூடாது. கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். அதை யாருக்கும் தெரியாமல் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். லேபிலிருந்த ஆள், "அண்ணே, தாப்பாப் போட்டுக்கங்க, ஒருத்தரும் வர மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்க, அப்புறம் செரியாயிரும்" என்றார். முதல் நாள் முடியாமல் திரும்பி வந்தோம். மறுபடி ஒரு நாள் போனோம்.

உயிரணு மிகவும் குறைவு என்று வந்தது. ஆனால் டாக்டரம்மா உடனே முடிவு சொல்லவில்லை. "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். வந்திருந்தது. தை மாதக் குளிரில் அந்த வருடம் லைன் முழுக்க ஒரு வைரஸ் காய்ச்சல். எந்தக் கடுமையான காய்ச்சலும் உயிரணுவைக் கொஞ்ச காலம் குறைத்துவிடும், புதிதாக உருவாகி வர மூன்று மாதமாகும், மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார்.

அந்த மூன்று மாதம்தான் அவர் நம்பிக்கையோடு வாழ்ந்தார் என்று தோன்றும். கடையில் பேரீச்சம்பழம் வாங்கி வந்து தின்றார். பீடியை விட்டார். யாராவது தும்மினால் தள்ளிப் போய் நின்றார். இந்தக் காய்ச்சலால்தான் குறைந்தது, அந்தப் பழைய வீக்கத்தால் இல்லை என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

அதற்குள் கோயில் திருவிழா வந்து போனது. மாமியார் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு செம்மநத்தம் போய்விட்டு வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அங்கிருந்து நாலு பேர் வருகிறார்கள் என்றார். வீட்டை ஒழுங்காக வைக்கும்படி என்னிடம்தான் சொன்னார். நான் ஒட்டடை அடித்தேன்.

புதன்கிழமை ரிப்போர்ட் வாங்கினோம். மாற்றம் இல்லை. டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தே பேசினார். "இல்லவே இல்லைன்னு சொல்லலைங்க. ரொம்பக் கம்மி. தானா உருவாக வாய்ப்புக் குறைவு. பெரிய ஆஸ்பத்திரியில அதை எடுத்துக் கருவாக்குற வழி இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க. இது உங்க தப்பு இல்லை, நோயால வந்தது. நீங்க மத்தபடி நல்லா இருக்கீங்க." அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மரத்தில் பிடியில்லாமல் நிற்கிற மனிதர்.

பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன். "அத்தைகிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டாங்க. இப்ப வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"வேண்டாம்னா ஏன்னு கேக்கும்."

"எனக்குப் புடிக்கலைன்னு சொல்லிருங்க. எம்மேல போட்டுருங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மாமியார் வாசலில் படுதாவை விரித்து எங்கள் கொடியில் கடைசியாகப் பறித்த மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பாதத்தால் தள்ளித் தள்ளிப் பரப்பினார். என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்தார். நான் கதவுக்கு உள்ளே நின்றேன்.

"ஏம்மா, செம்மநத்தத்துக்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிரு."

"ஏண்டா? உம்பொண்டாட்டி ஓதிட்டாளா?"

"அவ ஒண்ணும் ஓதல. கொற எனக்குத்தான். ரெண்டு தடவ பாத்துட்டாங்க."

"எவன் சொன்னான்? மரமாட்டம் இருக்கற, உனக்கென்ன கொற?"

"எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சில்ல. அது கீழயும் எறங்கிருச்சும்மா."

"அது ஏணிடா."

"ஏணி இல்லம்மா."

மாமியாரின் பாதம் மிளகுக்குள் நின்றது. "அன்னைக்கே ஏண்டா சொல்லல?" என்றார்.

"உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

மாமியார் கதவுப் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு." யாரிடம் சொல்லியிருப்பேன்? என்ன வார்த்தையில்?

"அந்தப் புள்ளையக் கூட்டியாந்தா அவளையும் பஸ்ல ஏத்தி இறக்குவ. அவளும் வாந்தியெடுப்பா" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவு நீளமாக அவர் தன் அம்மாவிடம் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

மாமியார் அங்கேயே உட்கார்ந்தார். வெயில் ஏறியது. சோறு கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. கடைசியில் சொன்னார்.

"சங்கிலிய நாந்தான் கழட்டுனேன். இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும்னு நீ சொன்ன. கல்யாணத்துக்குப் போற அவசரத்துல கழட்டிட்டேன்."

"சங்கிலியால ஒண்ணுமில்லீங்க அத்தை. போட்டிருந்தாலும் வந்திருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"அவங்களுக்கென்ன தெரியும்."

இதை நான் பல தடவை சொல்லிவிட்டேன். இன்று வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏணியைப் பழியிலிருந்து விடுவித்துவிட்டுத் தன்னை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். என்னை வைத்திருந்த இடத்தில் இப்போது அவர் இருக்கிறார். அதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

செம்மநத்தத்துக்குப் போனில் பேசினார். பையனுக்கு உடம்பு சரியில்லை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் அமைந்து, இப்போது இரண்டு குழந்தைகள். நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வந்தோம். திரும்பத் திரும்ப வர வேண்டும் என்றார்கள். இரண்டு பேருக்கும் போதும் என்று ஆகிவிட்டது. அதைப் பற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. போகாமல் விட்டோம், அவ்வளவுதான். ஊரைப் பொறுத்தவரை குறை என்னுடையதாகவே இருந்தது. யாரும் வீடு வீடாகப் போய் மாற்றிச் சொல்லப் போவதில்லை. லைனில் இன்றைக்கும் எனக்கு ஒருத்தி விரதம் சொல்வாள், ஒருத்தி வேர் சொல்வாள். எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது என்பதையும் மறந்துவிட்டுச் சொல்வார்கள்.

போன வருடம் கிளியூரில் ஒரு கல்யாணம். அன்றைக்குச் சங்கிலி போட்டுக்கொண்டு போனேனே, அதே வீடு. அன்றைக்குக் கல்யாணப் பெண்ணாக இருந்தவளின் மகளுக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். நானும் மாமியாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நான் வழக்கம் போல வேகமாகச் சாப்பிட்டேன். அப்படியும் கேள்வி வந்துவிட்டது. பக்கத்து இலையிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தம், வயதான அம்மாள்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் தங்கலையாக்கும்? அப்பவே ஒரு நல்ல டாக்டரப் பாத்திருக்கலாம்."

நான் இலையை மூடக் கை எடுத்தேன். மாமியாரின் பெருமூச்சுக்காகக் காத்திருந்தேன்.

"இவளுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் மாமியார். குரலைத் தாழ்த்தவில்லை. "எம்பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கீழ எறங்கிருச்சு. அதுல ஆகிப்போச்சு. நாந்தான் ஏணி ஏணின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அப்படியுமாங்க ஆகும்?"

"ஆகும். வளந்த பசங்களுக்கு வந்தா கேக்கோணும். கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். வெக்கப்பட்டுட்டு இருந்தா இப்படித்தான்."

அந்த அம்மாள் வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் இருந்தார். எதிர் வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னை இல்லை. இரண்டு இலை தள்ளி, கையில் ரச வாளியோடு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கேட்டிருப்பார். காது சிவந்திருந்தது. அவர் வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த இலைக்கு ஊற்றினார், அதற்கடுத்த இலைக்கு ஊற்றினார், எங்களிடம் வந்தார்.

மாமியார் அவரை நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு வேண்டாண்டா, மோர் போதும்" என்றார்.

அவர் என் இலைக்கு முன்னால் குனிந்தார். பாதி மூடியிருந்த இலையைப் பார்த்தார்.

"ரசம் ஊத்தட்டுமா?"

நான் இலையைத் திரும்ப விரித்தேன். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்டேன்.